வடக்கே போன பூட்டு

திருச்சி விமான நிலைய வாசலில்
நாற்பது ரூபாய்க்கு வாங்கிய பெட்டிப் பூட்டு.
மவுண்ட் ஐசாவில் இறங்கித் தேடினால் சாவி இல்லை.
பூட்டை வெட்ட மனம் வரவில்லை,
ஜிப்பின் காதை அறுத்தேன்.
அறுந்த காதைக் கவ்வியபடியே
மேசை இழுப்பறையில் மூன்று வருடம்
வாய் திறக்காமல் கிடந்தது.

ஆய்வகத்தில் என்னோடு செம்புக்கல் அரைக்கும் டோரிட்
ஒரு விளையாட்டைச் சொன்னாள்.
உலகம் முழுக்க டப்பாக்களை ஒளித்து வைக்கிறார்கள்.
செயற்கைக்கோள் இடம் காட்டும்.
கண்டுபிடித்தால் பெயர் எழுது, மூடிவை, போ.
இந்தத் தகடு கட்டிய பொருள் உள்ளே இருந்தால்
அடுத்த டப்பா வரை கூட்டிக்கொண்டு போ.
உனக்கென்று வைத்துக்கொள்ளக் கூடாது,
சட்டம் அவ்வளவுதான்.

எண் பொறித்த அலுமினியத் தகட்டைப் பூட்டில் கட்டினேன்.
எங்கே போகவேண்டும் என்று எழுதச் சொன்னார்கள்.
கடல் பார்க்கவேண்டும், என்று எழுதினேன்.

க்ளோன்கரி ரயில் பாலத்தடியில்
ராணுவத் தோட்டாப் பெட்டிக்குள் ஒரு வாரம்.
கேரவன் இழுத்துவந்த க்ளெனிசும் மோரியும் எடுத்தார்கள்.
வடக்கே போகிறவர்கள்தான்.
மோரிக்குப் பல்வலி,
பல் மருத்துவர் இருப்பது மேற்கே, ஐசாவில்.
என் தெருவைத் தாண்டித்தான் போயிருக்கிறது பூட்டு.
இரவுப்பணி முடிந்து நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

வந்த வழி திரும்ப அலுப்பாக இருந்ததாம்,
இன்னும் மேற்கே போய்
கேமுவீலில், ஜார்ஜினா ஆற்றங்கரையில்
இறக்கிவிட்டார்கள்.
ஜார்ஜினா கடலுக்குப் போகிற ஆறு அல்ல.
தெற்கே பாலைக்குள் நடந்து நடந்து
எங்கோ வற்றிப்போகிற ஆறு.

பிறகு மழை.
சாலைகளை ஒவ்வொன்றாக மூடினார்கள்.
ஒரே ஆறு பத்து ஆறாகப் பிரிந்து
புல்வெளியெல்லாம் பழுப்பு நீர் என்று செய்தியில் காட்டினார்கள்.
வெள்ளத்துக்கு மேலே கறையான் புற்றுகள் மட்டும்
தலை நீட்டி நின்றன.
அதில் ஒன்றின் தோளில்தான் டப்பா இருப்பதாக
நானே முடிவு செய்துகொண்டேன்.
கைபேசி வரைபடத்தில் ஒரு நீலப்புள்ளி.
நான்கு மாதம் அது அசையவில்லை.
நானும்தான்.

ஏப்ரலில் ஒரு புகைப்படம்:
லாரிக் கண்ணாடியில் தொங்குகிறது பூட்டு,
பின்னால் மூன்று டிரெய்லர் நிறைய மாடுகள்.
‘நல்ல பயணத்துணை. பேசுவதே இல்லை’
என்று எழுதியிருந்தான் பிராங்கோ.

நார்மன்டனில் கேரவன் பூங்கா நடத்தும் நொயலீன்
விருந்தாளிகள் மறந்துபோன சாவிகளை
ஐஸ்க்ரீம் டப்பாவில் இருபது வருடமாகச் சேர்த்திருக்கிறாள்.
மின்சாரம் போன ஒரு சாயங்காலம்
ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தாளாம்.
அறுபத்து மூன்றாவது சாவி.
‘திறந்துவிட்டது! சந்தோஷம்தானே?
உள்ளே ஏதோ குப்பை மாட்டியிருந்தது,
எடுத்துப் போட்டுவிட்டேன்.’

யார் கேட்டார்கள் உன்னை?
வண்டி நிறுத்துமிடத்தில், வெயிலில்
எழுதினேன், அழித்தேன், எழுதினேன்.
எதையும் காக்காத பூட்டுதான்.
ஆனாலும் பூட்டியிருந்தது.
நாற்பது ரூபாய்ப் பூட்டு
எந்தச் சாவிக்கும் திறக்கும் என்றாள் டோரிட்.
அதற்கும் கோபம் வந்தது.
கடைசியில் ‘நன்றி’ என்று மட்டும் அனுப்பினேன்.

நேற்று இரவு, வளைகுடா ஓரத்திலிருந்து
இறால் படகில் சமைக்கும் ஐவா எழுதியிருக்கிறாள்.
ஊரின் பெயர் கரும்பா.
தமிழில் எழுதினால் கேள்வி மாதிரி இருக்கிறது.
கரும்பா?
இல்லை, உப்பு.

‘முதலை எச்சரிக்கைப் பலகைக்குப் பின்னால்
கம்பத்தில் கட்டியிருக்கிறேன்.
தண்ணீருக்கு நாற்பது மீட்டர்.
அதற்குமேல் நானே போகமாட்டேன்.
அலை பெரிதாக இல்லை, சேற்று வாடைதான்.
இந்தக் காற்றில் எல்லாம் துருப்பிடிக்கும்.
மூடியிருந்தால் அப்படியே இறுகிப்போகும் என்று
திறந்தே விட்டிருக்கிறேன்.
சீக்கிரம் யாராவது வந்து எடுங்கள்.’

காலையில் உலை சூடாகிக்கொண்டிருந்தபோது
வடகடல் எவ்வளவு தூரம் இருக்கும் என்று
சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.
டோரிட் தராசிலிருந்து நிமிரவில்லை.
‘தண்ணீர் இருபது லிட்டர் எடுத்துக்கொள்,’ என்றாள்.
‘உபரி டயரில் காற்று இருக்கிறதா பார்.’